எழுத்தும் ஓர் அமானிதமே



சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் நூற்றாண்டு நிறைவையொட்டி மலர் ஒன்று வெளியிட ஜமாஅத் முடிவு செய்தது. மலர்க்குழுவில் எங்களில் ஐவரை அமர்த்தினார்கள். "எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் எழுதித் தாருங்கள்" என்று ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிப்புச் செய்தோம். ஒரு மாதத்திற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்து சேர்ந்தன. அல்ஹம்துலில்லாஹ், நம் ஊரில் இத்தனை எழுத்தாளர்களா என்று மகிழ்ந்தோம்.

அந்த மகிழ்ச்சி படிக்கத் தொடங்கும் வரைதான் நீடித்தது. "நேரத்தின் அருமை", "இஸ்லாமும் அறிவியலும்", "பெற்றோரின் சிறப்பு" எனத் தலைப்புகள் நல்லவையாகவே இருந்தன. ஆனால் இரண்டு கட்டுரைகளில் ஒரே பத்தி ஒரே எழுத்துப் பிழையோடு இடம்பெற்றிருந்தது. பல கட்டுரைகள் வாட்ஸ்அப்பில் வந்தவற்றை அப்படியே எடுத்து, அடியில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பப்பட்டவை. "ஓர் அறிஞர் கூறினார்" என்று இருந்தது. அந்த அறிஞர் யார் என்பது எங்கும் இல்லை. பள்ளிவாசலின் ஹவுளைத் தோண்டியவர் யார், கிணற்று நீர் உப்பாக மாறிய காலத்தில் உளூச் செய்ய எங்கிருந்து தண்ணீர் வந்தது, ஒலிபெருக்கி வருவதற்கு முன் மினாராவில் ஏறி நின்று பாங்கு சொன்ன மோதினார் யார் என்பதை ஒருவரும் எழுதவில்லை. பள்ளிவாசலின் மலரில் அந்தப் பள்ளிவாசலே இல்லை.

வந்தவற்றுள் ஒரு கட்டுரை மட்டும் வேறாக இருந்தது. கோடிட்ட நோட்டுத் தாளில் நான்கு பக்கம், கையெழுத்தில். எழுதியவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த ஒரு மாணவி. அவளுடைய உம்மம்மாவின் தகரப் பெட்டியில் பழைய கடிதங்கள் சில இருந்தன. பினாங்கில் கடையில் வேலை பார்த்த கணவர் அரபுத்தமிழில் எழுதியவை அவை. வீட்டில் எவருக்கும் அவற்றைப் படிக்கத் தெரியவில்லை. குர்ஆன் ஓதத் தெரிந்த அந்தப் பிள்ளை, அரபு எழுத்துகளோடு கூடுதல் புள்ளிகள் சேர்த்துத் தமிழ் ஒலிகளைக் குறிக்கும் முறையை விளங்கிக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். ஓட்டை மாற்றச் சொல்லி ஒரு கடிதம். மகளை ஓதுவதற்கு அனுப்பாமல் இருக்க வேண்டாம் என்று ஒரு கடிதம். பள்ளிவாசலில் புதிய பாய் வாங்க நான் அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா என்று ஒரு கடிதம். எங்கள் பள்ளிவாசலின் வரலாற்றில் ஒரு வரி அந்தத் தகரப் பெட்டிக்குள்தான் இருந்தது.

அக்கட்டுரையை மலரின் நடுப்பக்கங்களில் வெளியிட்டோம். ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "ஒரு சகோதரி" என்று அச்சிட்டோம். மற்ற எல்லாக் கட்டுரைகளுக்கும், படியெடுத்து அனுப்பியவற்றுக்குக்கூட, பெயரும் படமும் போட்டோம். வயதுப் பெண்ணின் பெயர் எதற்கு என்று குழுவில் ஒருவர் சொன்னார். மற்ற நால்வரும் மறுத்துப் பேசவில்லை. மலர் வெளிவந்த பிறகு அந்தப் பிள்ளை எதுவும் கேட்கவில்லை. அவளுடைய தாயார்தான் எங்களில் ஒருவரின் வீட்டிற்கு வந்து கேட்டார்: "எழுத்து மட்டும் ஒங்களுக்கு வேணும், எம்புள்ள பேரு வேணாமாக்கும்?"

அன்று எங்களிடம் பதில் இல்லை. காலம் தாழ்த்திச் சொல்லும் பதிலாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பேனாவுக்கு மார்க்கம் தந்த இடம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதன்முதலாக அருளப்பட்ட வசனங்கள் ஓதுவதையும் எழுதுகோலையும் குறிப்பிடுகின்றன. எழுதுகோலின் பெயராலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம்; கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்பதும், அல்லாஹ் கற்றுக்கொடுத்தபடி எழுத மறுக்கக் கூடாது என்பதும் அதில் அடங்கிய கட்டளைகள். எழுதத் தெரிந்தவரின் மீது ஒரு கடமை சுமத்தப்பட்டிருக்கிறது என்பதை இதிலிருந்து விளங்கலாம்.

பத்ருப் போரில் பிடிபட்டவர்களுள் ஈட்டுத்தொகை கொடுக்க இயலாதவர்கள், அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றதை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. வறுமை மிகுந்த அக்காலத்திலும் எழுத்துப் பயிற்சி பணத்திற்கு ஈடாக மதிக்கப்பட்டது. இளைஞராக இருந்த ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் வஹீயை எழுதும் பொறுப்பிலும் இருந்தார்கள். கடிதப் போக்குவரத்துக்காக வேற்று மொழியையும் கற்றார்கள். பிற்காலத்தில் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் குர்ஆனை ஒன்றுதிரட்டும் பெரும்பணி அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது.

இத்தகைய மரபுடைய நாம், "நம்மைப் பற்றித் தவறாக எழுதுகிறார்கள், தவறாகக் காட்டுகிறார்கள்" என்று அடிக்கடி வருந்துகிறோம். வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் நம்மைப் பற்றிச் சரியாக எழுதும் பிள்ளைகளை நாம் வளர்த்தோமா என்ற கேள்விக்கும் நாம் பதில் சொல்ல வேண்டும். மருத்துவம், பொறியியல், வளைகுடா வேலை என்று கணக்குப் போடும் வீட்டில், "நான் எழுத விரும்புகிறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் என்ன நடக்கிறது? ஆணாக இருந்தால் "சோற்றுக்கு என்ன செய்வாய்?" என்கிறோம். பெண்ணாக இருந்தால் அதைக்கூடக் கேட்பதில்லை.

எழுத்தைப் பொழுதுபோக்காகக் கருதுவதே நம் தவறு. அது கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தொழில். பொறுப்போடு செய்ய வேண்டிய ஓர் அமானிதம். தையல் கற்க வந்தவனிடம் முதல் நாளே சட்டை கேட்பவர் யாரும் இல்லை. காஜா எடுப்பதிலும் பித்தான் தைப்பதிலும் மாதங்கள் கழிகின்றன. எழுத்துக்கும் அந்தக் கால அளவை நாம் கொடுக்க வேண்டும்.

நமக்கு முன் எழுதியவர்கள்

நம்மிடம் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை அறியாத தமிழ் முஸ்லிம் வீடு குறைவு. கண்டியைச் சேர்ந்த சித்தி லெப்பை 1882இல் "முஸ்லிம் நேசன்" இதழைத் தொடங்கினார். 1885இல் "அசன்பேயுடைய சரித்திரம்" என்ற நாவலை வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வந்தது என்பதை நினைத்தால், தமிழ் உரைநடை நாவலின் தொடக்க வரிசையிலேயே நம்மவர் நின்றிருப்பது புலப்படும்.

நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் தொடக்கப் பள்ளியைத் தாண்டாத படிப்புடையவர். அவருடைய "காதலா? கடமையா?" நாவல் 1938இல் வெளிவந்தது. தேங்காப்பட்டணத்தின் தோப்பில் முஹம்மது மீரான் பள்ளிக் கல்வியை மலையாளத்தில் பெற்றவர். அவர் தம் கடலோரக் கிராமத்தின் பேச்சையும் அதிகாரத்தையும் அறியாமையையும் தமிழில் எழுதினார். "சாய்வு நாற்காலி" நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கவிக்கோ அப்துல் ரகுமான் "ஆலாபனை" நூலுக்காக 1999இல் அதே விருதைப் பெற்றார். மணவை முஸ்தபா "யுனெஸ்கோ கூரியர்" இதழின் தமிழ்ப் பதிப்பை நெடுங்காலம் நடத்தி, அறிவியல் கலைச்சொற்களைத் தொகுத்து அகராதிகளாகத் தந்தார்.

இவர்களுள் சிலர் எதைக் கொண்டு வாழ்க்கை நடத்தினார்கள் என்பதையும் கவனியுங்கள். சித்தி லெப்பை வழக்கறிஞர். தோப்பில் வணிகர். அப்துல் ரகுமான் வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். எழுத்துக்காகத் தொழிலைக் கைவிடவில்லை. தொழிலுக்காக எழுத்தையும் கைவிடவில்லை. நம் பிள்ளைகளுக்கு இதுவே முதல் பாடம்.

பயிற்சி எங்கிருந்து தொடங்குவது?

குறைவாக இருந்தாலும் இடைவிடாமல் செய்யும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்ற கருத்துடைய நபிமொழியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். எழுத்துப் பயிற்சிக்கும் அது பொருந்தும். ஃபஜ்ருக்குப் பின் இருபது நிமிடம் போதும். பத்து நிமிடம் நல்ல உரைநடை ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். அடுத்த பத்து நிமிடத்தில் அரைப் பக்கம் எழுதுங்கள். வாரம் ஒரு முறை நான்கு மணி நேரம் உட்கார்வதைவிட நாள்தோறும் இருபது நிமிடம் உட்கார்வது கையைப் பழக்கும்.

எதை எழுதுவது? கண்டதை எழுதுங்கள். "பொறுமை" என்ற தலைப்பில் எழுதத் தொடங்கினால் பிறர் சொன்னவை மட்டுமே நினைவுக்கு வரும். "நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டாவின் பக்கத்தில் அஸரிலிருந்து மக்ரிப் வரை நின்றவர்" என்று தொடங்கினால் பொறுமை தானாக வந்து சேரும். வாப்பாவின் கடை, உம்மா அரிசி மாவு இடித்த உரல், வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியைத் திறந்த இரவு, இத்தாவில் இருந்த பெரியம்மாவின் அறை ஆகியவற்றை உங்களைத் தவிர வேறு யார் எழுத முடியும்?

வீட்டில் முதியவர்கள் இருந்தால் அவர்களுடைய ஒப்புதலோடு கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "கப்பலில் போகும்போது என்ன சாப்பாடு கட்டிக்கொண்டு போனீர்கள்?", "நிக்காஹ் எந்த வீட்டு முற்றத்தில் நடந்தது?" என்று பொருளையும் இடத்தையும் கேளுங்கள். எங்கள் மலருக்கு நாங்கள் இதைச் செய்யத் தவறினோம். சொல்லக்கூடியவர்கள் பலர் அதற்குள் மண்ணறைக்குச் சென்றுவிட்டார்கள்.

நம் வீட்டுச் சொற்களை ஒதுக்கிவிடாதீர்கள். வாப்பா, அத்தா, உம்மா, ராத்தா, லாத்தா, காக்கா, நானா என்று ஊருக்கு ஊர் மாறும் உறவுச் சொற்கள் நம் செல்வம். அதே வேளையில், நம்மவர் அல்லாத வாசகரும் படிப்பார் என்பதை நினைவில் வையுங்கள். மஹர், வலிமா, இத்தா போன்ற சொற்கள் முதன்முறை வரும்போது அவற்றின் பொருள் அந்த வாக்கியத்திலேயே விளங்கும்படி எழுதுங்கள். ஜும்ஆ என்று ஓரிடத்திலும் ஜூம்மா என்று வேறிடத்திலும் எழுதாமல், ஒரு வடிவத்தைத் தேர்ந்து இறுதிவரை அதையே கையாளுங்கள்.

பிழையின்றி எழுதுவது

லகர, ளகர, ழகர வேறுபாடும் ஒற்று மிகும் இடமும் பள்ளித் தேர்வோடு முடிந்துவிடுபவை அல்ல. "வேலை கொடு" என்றால் பணி கேட்பது. "வேலைக் கொடு" என்றால் ஈட்டி போன்ற ஆயுதத்தைக் கேட்பது. ஓர் ஒற்று பொருளையே மாற்றிவிடுகிறது. தஜ்வீதில் ஓர் எழுத்தின் உச்சரிப்புக்காக மதரஸாவில் மாதக்கணக்கில் பயிற்சி பெறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தில் அக்கவனம் வராமல் போகாது. அதை நாம் கேட்பதில்லை என்பதே குறை.

ஒரு நல்ல அகராதியை வீட்டில் வையுங்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் முதலில் வெளிவந்து, பின்னர் விரிவாக்கப்பட்டது. இன்றைய வழக்கில் ஒரு சொல் எப்படிப் பயன்படுகிறது என்பதை எடுத்துக்காட்டோடு சொல்லும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் கிடைக்கின்றன. கணினியில் எழுத விரும்புவோர் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்வது நல்லது. சில வாரப் பயிற்சியில் எண்ணத்தின் வேகத்திற்கு விரல் ஈடுகொடுக்கும்.

இஸ்னாத் தந்த ஒழுக்கம்

எழுத்தின் நேர்மையைப் பொறுத்தவரை உலகுக்கே பாடம் சொல்லும் மரபு நம்முடையது. ஒரு நபிமொழியைப் பதிவு செய்வதற்கு முன், அதை யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, அவர் நினைவாற்றல் எத்தகையது என்றெல்லாம் முஹத்திஸ்கள் ஆராய்ந்தார்கள். செய்தி கொண்டு வருபவரை நம்புவதற்கு முன் விசாரிக்க வேண்டும் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் இடும் கட்டளை. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யர் ஆவதற்குப் போதும் என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு.

அந்த மரபின் பிள்ளைகளாகிய நாம் "அனுப்பப்பட்டது" என்ற குறியோடு வரும் செய்தியை ஒரு நொடியில் பத்துக் குழுக்களுக்குத் தள்ளுகிறோம். எழுத விரும்பும் பிள்ளை முதலில் இப்பழக்கத்தை விட வேண்டும். ஒரு தேதியை எழுதினால் எங்கே பார்த்தோம் என்று குறித்துக்கொள்ளட்டும். ஒருவருடைய கருத்தை எடுத்தாண்டால் அவர் பெயரைச் சொல்லட்டும். பிறர் எழுதியதைத் தம் பெயரில் போடுவது களவு. எங்கள் மலரில் அந்தக் களவுக்குப் படம் போட்டுச் சிறப்புச் செய்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

திருத்தம் என்பதும் ஒழுக்கத்தின் பகுதியே. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் "அர்ரிஸாலா" நூலை ஒருமுறை எழுதியபின், எகிப்தில் குடியேறிய காலத்தில் மீண்டும் எழுதினார்கள். இன்று நம்மிடம் இருப்பது அந்த இரண்டாம் வடிவமே. அத்தகைய பேரறிஞரே மீண்டும் எழுதியிருக்க, முதல் முறை எழுதியதை அப்படியே அனுப்பிவிடுவது நமக்குத் தகுமா? எழுதியதை இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சுத் திணறும் இடத்தில் வாக்கியம் நீண்டுவிட்டது. கேட்பவர் முகம் சுளிக்கும் இடத்தில் பொருள் மயங்குகிறது. பாராட்டுபவரைவிடக் குறை சொல்லக்கூடிய ஒருவரிடம் காட்டுவது மேல்.

வருவாயைப் பற்றி மறைக்காமல் சொல்வோம்

கதையும் கவிதையும் மட்டும் எழுதித் தமிழில் குடும்பம் நடத்துவது மிக அரிது. ஒரு கணக்குப் பாருங்கள். 200 ரூபாய் விலையுள்ள நூல் ஒன்று 500 படிகள் விற்று, ஆசிரியருக்குப் பத்து விழுக்காடு கிடைத்தால் மொத்தம் 10,000 ரூபாய். ஓராண்டு உழைப்புக்கு அவ்வளவுதான். இதைப் பிள்ளைகளிடம் மறைப்பது அன்பாகாது.

ஆயினும் எழுதத் தெரிந்தவருக்கு ஊதியம் தரும் பணிகள் பல உள்ளன. நாளிதழ், வார இதழ்களில் உதவி ஆசிரியர் பணி, பதிப்பகங்களில் நூல் செம்மையாக்கமும் மெய்ப்புத் திருத்தமும், பாடநூல் ஆக்கம், மொழிபெயர்ப்பு, திரைப்படங்களுக்கும் காணொளிகளுக்கும் துணைத்தலைப்பு, விளம்பர வாசகம், ஒலி நூல்களுக்கான எழுத்து, நிறுவனங்களின் கையேடுகள். இவற்றுக்குக் கற்பனைத் திறத்தைவிடத் தெளிவும் பிழையின்மையும் நேரந்தவறாமையும் முக்கியம். மேலே சொன்ன இருபது நிமிடப் பயிற்சி இவற்றுக்கே நேரடியாக உதவும்.

மொழிபெயர்ப்பைத் தனியாகக் குறிப்பிட விரும்புகிறோம். அரபுக் கல்லூரிகளில் ஏழு ஆண்டு, ஐந்து ஆண்டு என்று படித்து வெளிவரும் நம் ஆலிம்களும் ஆலிமாக்களும் அரபு மொழியில் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுடைய தமிழும் அதே அளவு தேறினால் நூல்கள், ஆவணங்கள், சான்றிதழ்கள் ஆகியவற்றை மொழிபெயர்க்கும் தகுதி வந்துவிடும். சட்டம், மருத்துவம், வணிகம் ஆகியவற்றுள் ஒரு துறையின் சொற்களையும் கற்றுக்கொண்டால் மதிப்பு கூடும். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பணி என்பதால் சகோதரிகளுக்கும் ஏற்றது.

தொடங்குபவர் தம் எழுத்துகளில் சிறந்த பத்தைத் தேர்ந்து ஒரு தொகுப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் இதழுக்கு அனுப்புமுன் அதன் மூன்று இதழ்களையாவது படிக்க வேண்டும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. திரும்பி வந்தால் மனம் உடையாமல் திருத்தி வேறிடம் அனுப்ப வேண்டும். நூல் வெளியிட உங்களிடமே பெருந்தொகை கேட்பவர்களிடம் எத்தனை படி அச்சாகும், எங்கே விற்கும் என்பதை எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனத்தை உடைய நாம் எழுத்துக்கான ஒப்பந்தத்தை வாய்ச்சொல்லோடு விடலாகாது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சொந்தமாக எழுதும் நூலின் உரிமை எழுதியவருக்கே முதலில் சேரும். அவருடைய வாழ்நாளிலும், மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். வாரிசுகளுக்கு அது ஒரு சொத்து. சம்பளத்திற்கு எழுதும்போது உரிமை பொதுவாக நிறுவனத்திற்குப் போகும். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்திற்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நாட்டிற்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவிற்கு மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். கையெழுத்திடும் முன் இந்த மூன்று வரிகளையாவது தேடிப் படியுங்கள்.

பெயர் என்னும் உரிமை

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம்.

ஹதீஸ் நூல்களைத் திறந்து பாருங்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வந்த அறிவிப்புகள் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவை. உம்மு ஸலமா (ரலி), அஸ்மா (ரலி) என்று பெண்களின் பெயர்கள் அறிவிப்பாளர் வரிசையில் தெளிவாக நிற்கின்றன. "ஒரு சகோதரி அறிவித்தார்" என்று முஹத்திஸ்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்த வரிசையே பலவீனம் அடைந்திருக்கும். பெயர் தெரியாத அறிவிப்பாளரை அவர்கள் ஏற்பதில்லை. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் ஸஹீஹுல் புகாரியைக் கற்பித்த கரீமா அல்மர்வஸிய்யா அவர்களிடம் கதீப் அல்பக்தாதி போன்ற பேரறிஞர் பாடம் கேட்டார். அப்பெண்மணியின் பெயரும் மறைக்கப்படவில்லை. 1938இல் நாகூரில் ஒரு முஸ்லிம் பெண் தம் பெயரோடு நாவல் வெளியிட்டார். இத்தனைக்கும் பின் எங்கள் மலர்க்குழு ஒரு மாணவியின் பெயரை அழித்தது எந்த மார்க்கத்தின் பெயரால்?

பெற்றோரின் அச்சம் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. பெயர் வெளியானால் தேவையற்ற செய்திகள் வரும், ஏளனப் பேச்சு வரும் என்பது உண்மை. அதற்கு வழி உண்டு. பெயர் இருக்கட்டும், படமும் கைப்பேசி எண்ணும் வேண்டாம். கடிதப் போக்குவரத்து இதழாசிரியர் வழியாகவோ வீட்டுப் பெரியவரின் மின்னஞ்சல் வழியாகவோ நடக்கட்டும். புனைபெயரை அந்தப் பிள்ளையே விரும்பித் தேர்ந்தால் அது அவள் உரிமை. அவளைக் கேளாமல் பெயரை நாம் நீக்கினால் அது அவளுடைய உழைப்பைப் பறிப்பது.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எழுதிய பக்கத்தை வாங்கிப் படியுங்கள். நன்றாக இருந்தால் எந்த வரி நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். பெருநாள் காசில் ஒரு பகுதியை நூலுக்கென ஒதுக்கச் செய்யுங்கள். ஜமாஅத் பொறுப்பாளர்களே, மக்தபில் வாரம் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்துப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மஹல்லாவில் மறைந்தவர் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வைக்கும் பதிவேடு ஒன்றைத் திறந்து, அதை எழுதும் பொறுப்பை இளைஞர்களிடம் கொடுங்கள். மலர் வெளியிடும் குழுவினரே, வந்த கட்டுரை யாருடையது என்று விசாரித்துவிட்டு அச்சேற்றுங்கள்.

எங்களைப் பொறுத்தவரை, அந்த நூற்றாண்டு மலரில் மீதமிருந்த படிகளை எடுத்தோம். நடுப்பக்கத்தில் "ஒரு சகோதரி" என்று இருந்த இடத்தில், அந்தப் பிள்ளையின் ஒப்புதலோடு, அவள் பெயரைச் சிறு தாளில் அச்சிட்டு ஒட்டினோம். முன்பே வினியோகித்த படிகளை ஒன்றும் செய்ய இயலவில்லை. முதல் திருத்திய படியை அவளுடைய வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம். உம்மம்மா அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, கடிதங்கள் இருந்த தகரப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் எழுத்தில் உண்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.